கார்பாலிக் பிறந்த கதை

கறுப்புப் பினாயிலை வாளித் தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுத்து விரியும். ஆஸ்பத்திரி வராந்தாவை நினைவூட்டும் அந்த நெடி நிலக்கரித் தாரின் நெடி. அந்தத் தாரிலிருந்து கார்பாலிக் அமிலத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானியரான ஃபிரீட்லீப் ஃபெர்டினாண்ட் ருங்கே. ஆண்டு 1834.

அப்போது ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குகள் வாயுவால் எரிந்தன. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு அந்த வாயுவை எடுத்தார்கள். வாயு விளக்குக்குப் போனது, மிஞ்சிய கல்கரி உலைக்குப் போனது. கூடவே வடிந்த தாரை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

பெர்லினுக்கு வடக்கே ஓரானியன்பர்க்கில் ஒரு ரசாயன ஆலையில் வேலை பார்த்துவந்த ருங்கே, அந்தத் தாரை எடுத்துக்கொண்டார். கவிஞர் கதே தந்த காப்பிக்கொட்டையிலிருந்து இளம் வயதிலேயே காஃபீனைப் பிரித்தெடுத்தவர் அவர். தாரோ காப்பிக்கொட்டையைவிடப் பெரிய சிக்கல். நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்து கிடக்கும். பல ஏறத்தாழ ஒரே சூட்டில் கொதிப்பவை. காய்ச்சி வடித்தால் மட்டும் அவை பிரிந்து வந்துவிடாது.

ருங்கே அவற்றைக் குணத்தால் பிரித்தார். தார் எண்ணெயில் சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்த்து நெடுநேரம் குலுக்கினார். அமிலக் குணமுள்ளவை சுண்ணாம்போடு கூடித் தண்ணீரில் கரைந்தன. மற்ற எண்ணெய் ஒதுங்கி நின்றது. அந்த நீரைத் தனியே எடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டார். சுண்ணாம்பு புது அமிலத்தோடு சேர்ந்துகொள்ள, பிடிவிட்ட பொருள் எண்ணெயாகப் பிரிந்து வந்தது. இவ்வளவு எளிய யோசனை இவ்வளவு கலங்கலான பொருளுக்குள் வழி திறந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. நிலக்கரி எண்ணெயின் அமிலம் என்ற பொருளில், பிரிந்து வந்த அந்தப் பொருளுக்கு ருங்கே கார்பாலிக் அமிலம் என்று பெயரிட்டார்.

இன்றைய ஆய்வுக் கருவிகள் இல்லாத காலம். நிறம்தான் சாட்சி. தாரிலிருந்து கிடைத்தவற்றில், பிளீச்சிங் பவுடர் கரைசல் பட்டு நீலமானதற்குக் கயனால் என்று பெயர் வைத்தார். இன்று நாம் அனிலின் என்பது அதைத்தான். அமிலத்தில் நனைத்த பைன் மரச் சிராயைச் சிவக்க வைத்தது பிரோல்.

ருங்கே எடுத்த கார்பாலிக்கில் கலப்பு இருந்தது. 1841இல் பிரான்சின் ஒகுஸ்த் லோரான் அதைத் தூய படிகமாக்கினார். தாரில் உள்ள இன்னொரு பொருளான பென்சீன் விளக்கு வாயுவோடு பிறந்தது என்பதால், ஒளிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஃபீன் என்று பெயர் கொடுத்திருந்தார். கார்பாலிக் அமிலத்தின் இன்றைய பெயரான பீனாலும் நம் பினாயிலும் அந்த வேரில் கிளைத்த பெயர்களே.

1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்த 11 வயதுச் சிறுவனை அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரிடம் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட காயம் அழுகிக் காலையே எடுக்க நேர்வது அன்று வழக்கம். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டுப் போட்டார். கால் பிழைத்தது.

நிலக்கரியிலிருந்து வரும் திரவத்தில் பீனால்களை அளக்க, சுண்ணாம்புக்குப் பதில் காஸ்டிக் சோடா விட்டுக் குலுக்கி அமிலம் சேர்ப்பது இன்றும் ஆய்வகங்களில் உள்ள வழிதான். அதன்பின் வாயு நிறப்பிரிகை. அங்கும் பீனால் குடும்பத்தைச் சேர்ந்த மெட்டா கிரெசாலும் பாரா கிரெசாலும் எளிதில் பிரிவதில்லை. இரண்டும் 202 டிகிரியை ஒட்டியே கொதிக்கின்றன.