காவலூரின் எழுத்தும் பத்திராஜவின் விழியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மேற்கே கிடக்கும் தீவுகளிடையே ஊர்காவற்றுறை ஒரு பழந் துறைமுகம். அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு பூண்டவர் எழுத்தாளர் காவலூர் இராசதுரை. ஈழத்துத் திரைப்பட வரலாற்றில் அவர் பெயர் நிலைபெறக் காரணமாயது 1977இல் வெளிவந்த 'பொன்மணி'. திரைக்கதை அவருடையது, நெறியாள்கை கண்டியிற் பிறந்த சிங்களக் கலைஞர் தர்மசேன பத்திராஜவினுடையது.

தமிழர் வீட்டு முற்றத்தைச் சிங்களவரொருவர் எங்ஙனம் கண்டார் என்பது ஆராயத்தக்கது. முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' 1947இல் வெளிவந்தது. அது உருவானது மதுரைக் கலையகமொன்றில். கமராவைக் கிராமத்து வெயிலுக்குக் கொணர்ந்தவர் 'ரேகாவ' (1956) தந்த லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ். அவ்வழி வந்த பத்திராஜ, தம் முதற் படமான 'அகஸ் கவ்வ'வில் (1974) தொழிலற்ற நகர இளைஞரைக் காட்டினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் சிலகாலம் விரிவுரையாளராகவும் இருந்தார். குடாநாட்டை அவர் வந்துபோகும் விருந்தினராகக் கண்டாரல்லர்.

சீதனமின்மையால் மூத்தவள் மணமின்றியிருக்க, இளையவள் பொன்மணி சாதி வரம்பைக் கடந்து காதலித்து, அதற்குத் தன் உயிரையே விலையாகக் கொடுக்கிறாள். சென்னைப் படமாயின் இக்கதைக்கு நீண்ட வசனங்கள் வேண்டப்பட்டிருக்கும். பத்திராஜவோ சொல்லைச் சுருக்கினார். யாழ்ப்பாணத்திலேயே படம் பிடித்தார். மாந்தரை அவர்தம் சூழலோடு சேர்த்தே காட்டினார். இஃது அழகுக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. கலியாணம் பேசும் வீட்டில் ஆண்கள் பேசுவர். யாரைப் பற்றிய பேச்சோ அவள் வாய் திறப்பதில்லை. அவள் மௌனத்தை வசனத்தால் எழுதுதல் இயலாது, கமராவே எழுதவேண்டும். காட்சி ஆறுதலாக நகர்வதைக் குறையென்போர் உளர். காத்திருத்தலே வாழ்வாகிப்போன பெண்ணின் கதையை வேறு எவ்வேகத்தில் சொல்வது?

நடித்தோருள் எழுத்தாளர் நந்தி, சர்வமங்களம் கைலாசபதி, சித்திரலேகா மௌனகுரு முதலியோர் இருந்தனர். நட்சத்திர ஒப்பனையற்ற இம்முகங்கள் படத்திற்கு மெய்ம்மை சேர்த்தன.

படம் வணிக வெற்றி பெறவில்லை. அடுத்த ஆண்டு, நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் பிரேம்நாத் மொறாயஸின் நெறியாள்கையில் திரைக்கு வந்தது. 'பொன்மணி'யின் தோல்விக்குச் சென்னைப் படங்களில் ஊறிய இரசனையே காரணமென்று கூறுதல் வழக்கம். அது பாதி உண்மையே. சீதனப் பேச்சைத் தம் விறாந்தையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தோர், அங்கும் அதே விறாந்தையைக் காண விரும்பினாரல்லர்.