சேர்வராயன் மலை: நிலமும் தாவரமும் உயிரினங்களும்

சேலத்திற்கு வடகிழக்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாக எழுந்து நிற்கும் சேர்வராயன் மலை, சார்னோகைட் என்னும் கடும்பாறையால் அமைந்தது. அதன் உச்சிச் சமவெளிகளில், யுகயுகாந்தரமாகப் பெய்த மழை பாறையைக் கரைத்து எஞ்சவிட்ட பாக்ஸைட் படிந்திருக்கிறது. மலைமேலுள்ள ஊரான ஏற்காடு சமுத்திர மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும், சேர்வராயன் சிகரம் 1,600 மீட்டருக்குச் சற்று மேலும் உள்ளன. இங்கே பிறக்கும் திருமணிமுத்தாறு காவிரியையும், வடபுறத்து வாணியாறு தென்பெண்ணையையும் சென்றடைகின்றன.

அடிவாரத்தில் முட்புதர்களும், இடைச்சரிவுகளில் மூங்கில், சந்தனம், வேங்கை முதலியன வளரும் இலையுதிர் காடுகளும், அவற்றிற்கு மேல் பசுமை மாறாச் சோலைகளும் என்பதே மலையின் பூர்வ அமைப்பு. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன், அபிசீனியக் காடுகளைத் தாயகமாகக் கொண்ட காப்பிச் செடியை இங்கே பயிரிடச் செய்தது முதல் இவ்வமைப்பு மாறலாயிற்று. சோலைகள் தோட்டங்களாயின, நிழலுக்கென ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நடப்பட்டு, அவற்றின்மேல் மிளகுக்கொடி படர்ந்தது. பிற்காலத்தில், மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காக உச்சியின் பாக்ஸைட்டும் வெட்டப்பட்டது. ஆகவே, மலைப்பாதையில் ஏறுகிற பிரயாணி அடர்ந்த வனமென்று வியப்பதிற் பெரும்பகுதி, உண்மையில், மனிதர் நட்டு வளர்த்த தோட்டமே; ஆப்பிரிக்காவின் தேசியப் பூங்காக்களைப் போல யானையும் சிங்கமும் திரளும் காட்சியை இங்கே எதிர்பார்ப்பவர் ஏமாறுவர்.

எனினும், இம்மலைக்கே உரிய செல்வம் சிறு உயிர்களிடத்தும் அபூர்வ மரங்களிடத்தும் உள்ளது. தாவரவியலாளர் காம்பிள் விவரித்த வெர்னோனியா ஷெவராயென்ஸிஸ் என்னும் மரம் மலையின் பெயரையே தாங்கியது. இயற்கையியலாளர் பெட்டோம் 1863-இல் விவரித்து, ஷார்ட் என்னும் மருத்துவரின் பெயரிட்ட கேடயவால் பாம்பு, மண்ணைத் துளைத்து மண்புழு தின்று வாழும் தீங்கற்ற பிராணி. நெடுங்காலம் வேறோர் இனத்தோடு சேர்த்து எண்ணப்பட்டு, அண்மையிலேதான் தனியினமென மீண்டும் ஏற்கப்பட்டது. பாறைச் சரிவுகளில் வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னான் பறவையும், தென்னிந்தியாவின் சில குன்றுகளுக்கு அப்பால் காணக் கிடையாதது.

இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-இல் ஏற்காட்டில் நிறுவிய ஆர்க்கிட் தோட்டம், மரக்கிளைகளில் ஒட்டி வளரும் இச்செடிகளைப் பேணுகிறது. பழங்காட்டின் மிச்சங்கள் ஓடைப் பள்ளங்களிலும் செங்குத்துச் சரிவுகளிலும் காணப்படும். காட்டெருமைகளோ, தோட்டத்திற்கும் வனத்திற்கும் எல்லை பாராமல், காப்பிச் செடிகளினூடே மேய்ந்து திரிகின்றன.