கோள்பயணக் கோளாறுகள்: இந்திய அனுபவம்

ஆளில்லா விண்கலங்களைப் பிற கோள்களுக்கு அனுப்பும் முயற்சி தொடங்கியபோதே அதன் தோல்வி வரலாறும் தொடங்கிவிட்டது. வெள்ளிக் கோளுக்கு அமெரிக்கா அனுப்பிய மரைனர் 1, 1962 ஜூலை 22 அன்று கிளம்பி ஐந்து நிமிடம்கூடப் பறக்கவில்லை. வழிகாட்டும் சமன்பாட்டில் ஓர் எழுத்தின் தலைமேல் இருக்க வேண்டிய கோடு விடுபட்டிருந்தது. ராக்கெட் திசைமாறவே, தரையிலிருந்தே அதை வெடிக்க வைத்தார்கள். 1988-இல் சோவியத் ஒன்றியத்தின் ஃபோபோஸ் 1 கலத்துக்குப் போன கட்டளையில் ஓர் எழுத்து குறைந்தது. கலம் சூரியனைவிட்டுத் திரும்பி, மின்சாரம் இழந்து செத்தது. 1999-இல் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயில் அழிந்ததற்குக் காரணம், ஒரு குழு பவுண்டு அளவிலும் இன்னொரு குழு நியூட்டன் அளவிலும் கணக்குப் போட்டதுதான். கோடிக்கணக்கில் செலவழித்த கலங்களைப் பெரும்பாலும் சில்லறைப் பிழைகளே சாய்த்திருக்கின்றன.

இந்தியாவின் பங்கு 2008 அக்டோபர் 22 அன்று நிலவுக்குக் கிளம்பிய சந்திரயான்-1 உடன் தொடங்குகிறது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்து, 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். இரண்டு ஆண்டு உழைக்க வேண்டிய கலத்துக்கு முதலில் வந்த எதிரி சூடு. நிலவுக்கு 100 கி.மீ. உயரத்தில் சுமார் 75 டிகிரி வெப்பம் இருக்கும் என்று போட்ட கணக்கை உண்மை நிலவரம் மிஞ்சியது. ஆய்வுக் கருவிகளை ஒரே நேரத்தில் ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். அடுத்து, விண்மீன்களைப் பார்த்துக் கலம் தன் திசையை அறிந்துகொள்ள உதவும் ஸ்டார் சென்சார்கள் பழுதாயின. ஜைரோஸ்கோப்பை வைத்துத் திசையை ஒப்பேற்றி, 2009 மே மாதம் கலத்தை 200 கி.மீ. உயரத்துக்குத் தூக்கினார்கள். ஆகஸ்ட் 29 அன்று தொடர்பு அறுந்தது. மொத்தம் 312 நாள். ஆயுளில் பாதிகூட இல்லைதான். ஆனால் அது அனுப்பி வைத்த தரவிலிருந்தே நிலவில் நீர் மூலக்கூறுகள் இருப்பது அடுத்த மாதம் அறிவிக்கப்பட்டது. தொலைந்த கலம் இன்னும் நிலவைச் சுற்றிக்கொண்டிருப்பதை 2017-இல் நாசா ரேடார் மூலம் உறுதிசெய்து சொன்னது.

2013 நவம்பர் 5 அன்று கிளம்பிய மங்கள்யானின் கதை இதைவிடச் சுவையானது. அண்ணாதுரை அப்போது நிகழ்ச்சித் திட்ட இயக்குநர். திட்ட இயக்குநர் சு. அருணன். பூமியைச் சுற்றும் பாதையைப் படிப்படியாக நீட்டி, பிறகு செவ்வாய்ப் பக்கம் தள்ளிவிடுவது திட்டம். நவம்பர் 11 அன்று நான்காம் முறை என்ஜினை இயக்கியபோது கலம் சுமார் 1 லட்சம் கி.மீ. தொலைவை எட்டியிருக்க வேண்டும். 78,276 கி.மீ.யில் நின்றுவிட்டது. என்ஜினுக்கு எரிபொருள் விடும் சோலினாய்டு வால்வுதான் விவகாரம். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் பம்ப் பட்டறையில் வேலை பார்ப்பவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை: காயிலில் மின்சாரம் பாய்ந்தால் வால்வு திறக்கும். மங்கள்யானின் வால்வில் ஒன்று பழுதானால் இன்னொன்று என்று இரண்டு காயில்கள். தனித்தனியே இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. இரண்டுக்கும் சேர்த்து மின்சாரம் கொடுத்துச் சோதித்தபோது எரிபொருள் ஓட்டமே நின்றுபோனது. நொடிக்கு 130 மீட்டர் கூட வேண்டிய வேகத்தில் 35 மீட்டர்தான் கிடைத்தது.

இரண்டையும் சேர்த்து இயக்கக் கூடாது, ஒன்றன்பின் ஒன்றாக இயக்கலாம் என்று முடிவுகட்டி, மறுநாள் விடியற்காலையில் மீண்டும் என்ஜினை ஓட்டினார்கள். தொலைவு 1,18,642 கி.மீ. ஆனது. பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாட்டைச் சோதிக்கப்போய் வந்த சிக்கல் இது. பூமிக்கு அருகிலேயே அதைச் சோதித்துப் பார்த்தது நல்லதாயிற்று. செவ்வாய் வாசலில் அது நேர்ந்திருந்தால் இரண்டாம் வாய்ப்பு கிடைத்திருக்காது.

இப்படிக் கோள்களின் வாசலில் பிறர் பட்டபாடு கொஞ்சமல்ல. 1993-இல் அமெரிக்காவின் மார்ஸ் அப்சர்வர் செவ்வாயை அடைய மூன்று நாள் இருக்கையில் மௌனமானது. நீண்ட பயணத்தில் வால்வு வழியே கசிந்த வேதிப்பொருள் குழாய்க்குள் எரிபொருளோடு கலந்து குழாயை உடைத்திருக்கலாம் என்பது விசாரணைக் குழுவின் கணிப்பு. 2010-இல் ஜப்பானின் அகாட்சுகி வெள்ளியைத் தவறவிட்டதும் வால்வு அடைப்பால்தான். ஐந்து ஆண்டு சூரியனைச் சுற்றிவிட்டு, சிறிய என்ஜின்களின் தயவில் 2015-இல் பாதையைப் பிடித்தது. மங்கள்யானின் பெரிய என்ஜினும் சுமார் 300 நாள் ஓய்ந்து கிடந்தது. 2014 செப்டம்பர் 22 அன்று நான்கு நொடி மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். அது ஓடாவிட்டால் எட்டுச் சிறிய என்ஜின்களை வைத்து ஒப்பேற்ற மாற்றுத் திட்டமும் தயாராக இருந்தது. தேவைப்படவில்லை. 24 அன்று கலம் செவ்வாயின் பாதையில் நுழைந்தது. ஆறு மாதத்துக்கென்று செய்த கலம் ஏழு ஆண்டுக்கும் மேல் உழைத்தது. 2022-இல் அடுத்தடுத்து வந்த கிரகண நிழல்களில் ஒன்று ஏழரை மணி நேரம் நீண்டது. பேட்டரியோ ஒரு மணி நாற்பது நிமிட இருட்டைத்தான் தாங்கும். கலம் மௌனமானது. இதைத் தோல்விக் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

சந்திரயான்-2 கதை வேறு. நிலவில் இறங்கி உருள வேண்டிய ஊர்தியை முன்கூட்டியே பூமியில் ஓட்டிப் பார்க்க நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டும். அதற்குக் கை கொடுத்தது நாமக்கல் மாவட்டம். நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அனார்த்தோசைட் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் திருச்சி என்.ஐ.டி.யும் துணைநிற்க, அந்தப் பாறையை நொறுக்கி அரைத்த மண் பெங்களூருச் சோதனைக் கூடத்தில் பரப்பப்பட்டது. செய்முறைக்கு 2020-இல் இஸ்ரோ காப்புரிமையும் பெற்றது. ஆனால் அந்த மண்ணில் பழகிய ஊர்தி அந்த முறை நிலவில் உருளவில்லை.

ஹீலியம் கசிவால் ஒரு முறை தள்ளிப்போய், 2019 ஜூலை 22 அன்று சந்திரயான்-2 கிளம்பியது. செப்டம்பர் 7 அதிகாலை அதன் தரையிறங்கு கலமான விக்ரம் 30 கி.மீ. உயரத்திலிருந்து 7.4 கி.மீ. வரை சரியாகவே இறங்கியது. வேகம் நொடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகக் குறைந்தது. அதற்குப் பிறகுதான் எல்லாம் பிசகியது. ஐந்து என்ஜின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துதல் கொடுத்தன. படம் எடுப்பதற்காகக் கலம் அசையாமல் இருக்க வேண்டிய கட்டத்தில் பிழைகள் குவிந்தன. அவற்றைத் திருத்த வேகமாகத் திரும்ப வேண்டும். திரும்பும் வேகத்துக்கோ மென்பொருளில் வரம்பு இருந்தது. போதாக்குறைக்கு, இறங்க ஒதுக்கிய இடம் அரை கிலோமீட்டர் சதுரம்தான். விக்ரம் நிலவில் மோதி விழுந்தது. இந்த விவரங்களை அப்போதைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் வெளிப்படையாக விளக்கியது 2023-இல். ‘கடினமாகத் தரையிறங்கியது’ என்ற பூசிமெழுகிய சொல்லோடு நான்கு ஆண்டுகள் ஓட்டியிருக்க வேண்டாம்.

விழுந்த இடத்தைத் தேடுவதில் இஸ்ரோவுக்கு வெளியே ஒருவர் முந்திக்கொண்டார். மதுரையைச் சேர்ந்த, சென்னையில் பணியாற்றிய பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், நாசா வெளியிட்ட பழைய, புதிய நிலவுப் படங்களை ஒப்பிட்டு, சிதைவின் ஒரு துண்டைக் கண்டுபிடித்தார். 2019 டிசம்பரில் நாசா அதை உறுதிசெய்து அவர் பெயரையும் அறிவித்தது. தங்கள் ஆர்பிட்டர் விக்ரமை முன்பே கண்டுவிட்டது என்று இஸ்ரோ சொல்லிக்கொண்டது.

சந்திரயான்-2-இல் நேர்ந்த பிழைகளின் பட்டியலை வைத்தே சந்திரயான்-3 வடிவமைக்கப்பட்டது. விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநர். நடு என்ஜினை எடுத்துவிட்டு நான்காக்கினார்கள், கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், வேகத்தை அளக்க லேசர் கருவி சேர்த்தார்கள், இறங்கும் இடத்தை 4 கி.மீ. நீளத்துக்கு விரித்தார்கள். அது நிலவில் இறங்கக் காத்திருந்த வேளையில், 2023 ஆகஸ்ட் 19 அன்று, ரஷ்யாவின் லூனா-25, 84 நொடி ஓட வேண்டிய என்ஜின் 127 நொடி ஓடியதால் நிலவில் மோதி நொறுங்கியது. 23 அன்று மாலை சந்திரயான்-3-இன் விக்ரம் பத்திரமாக இறங்கியது. செப்டம்பர் 3 அன்று அதன் என்ஜின்களை மறுபடி இயக்கி, 40 செ.மீ. உயரம் எழுப்பி, கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தார்கள். மண்ணை அள்ளிக்கொண்டு திரும்பும் எதிர்காலக் கலங்களுக்கு அந்தத் தாவல் முன்னோட்டம். முதலில் வகுத்த இலக்குகளில் அது இல்லை.