போர்டு என்னும் பலகை

இடைக்கால இங்கிலாந்தில் பெரிய வீட்டுக் கூடங்களில்கூடச் சாப்பாட்டு மேசை பெரும்பாலும் நிலையாக நின்றதில்லை. சாப்பாட்டு வேளைக்குக் கட்டைக்கால்களை நிறுத்தி, மேலே நீளப் பலகை ஒன்றைப் போடுவார்கள். உண்டு முடித்ததும் பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டால் கூடம் காலியாகிவிடும். அந்தப் பலகையின் பெயர்தான் போர்டு.

பலகையில் வைத்து உண்டதால் மேசைக்கும் அதுவே பெயராயிற்று. பிறகு மேசைமேல் வந்த சாப்பாட்டுக்கும். போர்டிங் ஸ்கூல் என்ற பெயரில் இருப்பது பள்ளியிலேயே கிடைக்கும் அந்தச் சோறுதான். கோப்பைகளை வைக்கும் திறந்த பலகைதான் முதலில் கப்போர்டு. கதவு பின்னால் வந்தது. சீட்டாட்டத்தில் கையை மேசைக்கு அடியில் கொண்டுபோகாமல் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்து ஆடுவது 'அபவ் போர்டு'. ஒளிவுமறைவு இல்லாத எதற்கும் இன்று அதைச் சொல்கிறார்கள். காரில் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் டேஷ்போர்டு, குதிரைக் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டியில் இருப்பவர்மேல் படாமல் தடுத்த பலகை. குதிரை போய்விட்டது, பலகையின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கப்பலுக்குள் இந்தச் சொல் நுழைந்தது வேறு வழியில். ஓரம், விளிம்பு, கப்பலின் பக்கம் என்று பொருள்பட்ட இன்னொரு பழஞ்சொல்லும் ஒலியில் இதேபோல் இருந்ததால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. கப்பலின் பக்கத்தைத் தாண்டி விழுவதுதான் ஓவர்போர்டு. பழைய கப்பல்களில் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால், திருப்பும் பக்கம் என்ற பொருளில் அது ஸ்டார்போர்டு ஆயிற்று. நட்சத்திரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. விமான நிலையத்தில் நாம் நீட்டும் போர்டிங் பாஸ் இந்தக் கப்பல் வழியில் வந்ததே. பிரெஞ்சு மொழிக்குள் புகுந்து பார்டராகத் திரும்பியதும் இதே விளிம்புதான். புடவை பார்டர் என்று சொல்லும்போது அதைத்தான் சொல்கிறோம்.

நமக்கு மிக நெருக்கமான பொருள் ஆலோசனை மேசையிலிருந்து பிறந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவெடுத்தவர்களையே போர்டு என்றார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியைக் கண்காணிக்க 1784-இல் லண்டனில் ஒரு போர்டு அமைந்தது. 1786-இல் சென்னையில் ரெவின்யூ போர்டு வந்து நிலவரியைக் கவனிக்கத் தொடங்கியது. பின்னால் ஜில்லா போர்டும் அது நடத்திய பள்ளிகளும் வந்தன.

பலகை அவையாவது நமக்குப் புதிதல்ல. மதுரையில் தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடம் தந்ததாகத் திருவிளையாடல் கதை சொல்லும் சங்கப்பலகையும் ஒரு பலகைதான். ஆங்கிலேயரின் பலகை மேசை, நம்முடையது இருக்கை, அவ்வளவே வேறுபாடு. ஆனாலும் போர்டைத் தமிழாக்கும்போது இந்த இடத்தில் பலகை பயன்படவில்லை. எழுதும் பலகை கரும்பலகை ஆனது, தட்டெழுதுவது விசைப்பலகை ஆனது. ஆளும் போர்டுக்குக் கிடைத்த சொல் வாரியம்.

எனக்கு இது பெருமிதம் தரும் தேர்வு. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலையில் பெயர் எடுத்து ஆட்களை அமர்த்திய ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றின் விதிகளைச் சொல்கின்றன. யார் நிற்கலாம், யார் கூடாது, எத்தனை நாள் பதவி என்பதெல்லாம் அங்கே கல்லில் இருக்கிறது. பலகை என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் இந்த வரலாறு கூட வந்திருக்காது. மின்வாரியம், குடிநீர் வாரியம் என்று பெயர்ப்பலகைகளில் படிக்கும்போதெல்லாம் அந்த ஏரி வாரியம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

வீட்டில் மட்டும் இன்னும், "ஈ.பி. பில் கட்டியாச்சா?" என்றுதான் கேட்கிறோம். அந்தக் கூடத்துப் பலகை அங்கே ஓர் ஒற்றை எழுத்தாக நிற்கிறது.