பித்தப்பைப் படமும் நாட்சம்பளமும்

சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்திற் புலப்படாத பித்தப்பையை, 1924ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் கிரகாம், கோல் என்னும் மருத்துவர் இருவர் சாயமருந்து செலுத்திப் புலப்படச் செய்தனர். பின்னர் அம்மருந்து மாத்திரை வடிவு பெற்றது. கொழுப்பில்லா இரவுணவுக்குப் பின் விழுங்கினால், மறுநாட் காலை எடுக்கும் படத்தில் வெண்ணிறப் பையினுள்ளே கற்கள் கரிய இடைவெளிகளாய்த் தோன்றும்.

இலங்கையில் 1872, 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைக் கருதி இயற்றப்பட்டன. 1951இல் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணங்களும் நீக்கப்பட்டன. ஆயினும், கேகாலையில் இறப்பர்ப் பால் வெட்டியவருக்கும் இரத்தினபுரியிற் கொழுந்து பறித்தவருக்கும் செக்ரோலில் பெயர் விழுந்த நாளுக்கே சம்பளம். படத்திற்காக மலையிறங்கி நகரம் சென்றால் அந்நாட் கூலி போயிற்று. எந்த மருத்துவச் சீட்டிலும் அச்செலவு எழுதப்படவில்லை.

இன்று மாத்திரைக்குப் பதிலாக மீயொலிப் பரிசோதனை வந்துவிட்டது. நாட்சம்பளக்காரர் இழக்கும் கூலியையும் மருத்துவச் செலவாகவே எண்ணுதல் வேண்டும்.