வாக்குப்பெட்டி வராத ஊர்



தென் அமெரிக்காவில் எடுத்த படங்களைப் போட்டதிலிருந்து பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், இந்த வயசுல முதுகுல பையை மாட்டிக்கிட்டு பஸ்ஸுல எதுக்கு?" முதல் காரணம் செலவு, அதை மறைப்பானேன். இரண்டாவது, விமானத்தில் போகிறவனுக்கு எல்லை கண்ணில் படாது. முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் எல்லைக்கோடு வரைந்தவன் நான். ஒன்றையாவது கால் கடுக்க நின்று தாண்ட வேண்டும் என்று ஆசை.

என் தங்கை மகன் லிமாவில் வேலை பார்க்கிறான். "மாமா, வாங்க, நான் லீவு போடறேன்" என்றான். செப்டம்பர் கடைசியில் லிமாவிலிருந்து டக்னாவுக்கு இரண்டடுக்கு பஸ்ஸில் கிளம்பினோம். ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர், இருபது மணி நேரத்துக்கு மேல். கீழ்த்தளத்தில் கட்டில் மாதிரி சாயும் இருக்கை, விலை கூடுதல். மேல்தளத்தில் பாதி சாய்வதோடு சரி. நாங்கள் மேல்தளம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஒரு புல்கூட முளைக்காத பாலைவனம்.

டக்னா பெரு நாட்டின் தெற்குக் கடைசி ஊர். அங்கே பணம் மாற்றியபோது பழைய 100 சோல் நோட்டு ஒன்று கைக்கு வந்தது. அதில் கண்ணாடி போட்ட ஒருவர் படம். ராணுவ உடை இல்லை, மீசை முறுக்கு இல்லை. யார் என்று கேட்டேன். "ஹோர்ஹே பாசாத்ரே, வரலாற்றாசிரியர்" என்றான் மருமகன். ரூபாய் நோட்டில் ஒரு வரலாற்றாசிரியர்! எனக்கு அங்கேயே பயணச் செலவு வசூலாகிவிட்டது.

பாசாத்ரே 1903-இல் இதே டக்னாவில் பிறந்தவர். பெருவின் மிகப் பெரிய வரலாற்றாசிரியர், இரண்டு முறை கல்வி அமைச்சர். ஆனால் அவர் பிறந்தபோது டக்னா பெருவின் கையில் இல்லை. சிலியின் ஆளுகையில் இருந்தது. கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வேதியியல் பாடத்தில் சிலி சால்ட்பீட்டர் என்று படித்திருப்பீர்கள். சோடியம் நைட்ரேட். உரத்துக்கும் வெடிமருந்துக்கும் 19-ஆம் நூற்றாண்டில் உலகமே அதற்குத்தான் அலைந்தது. அது கிடைத்த அட்டகாமா பாலைவனத்தில் பெரும்பகுதி அன்று சிலிக்குச் சொந்தமே இல்லை. ஒரு பகுதி பெருவுக்கு, ஒரு பகுதி பொலிவியாவுக்கு. ஆமாம், பொலிவியாவுக்கு அப்போது கடற்கரை இருந்தது. அங்கே தோண்டி எடுத்தது சிலிக் கம்பெனி, அதில் ஆங்கிலேயர் பணமும் உண்டு. 25 வருஷத்துக்குப் புது வரி கிடையாது என்று 1874-இல் சிலியோடு ஒப்பந்தம் போட்ட பொலிவியா, 1878-இல் குவிண்டாலுக்கு 10 சென்டாவோ வரி போட்டது. (அங்கே குவிண்டால் என்றால் 46 கிலோ, நம்முடைய நூறு கிலோ இல்லை.) கம்பெனி கட்ட மறுத்தது. சொத்தை ஏலம் விடப் போன நாளில், 1879 பிப்ரவரி 14 அன்று, சிலிப் படை அன்டோஃபகாஸ்டா துறைமுகத்தில் இறங்கிவிட்டது. பொலிவியாவோடு ரகசிய உடன்படிக்கை வைத்திருந்த பெருவும் போருக்குள் இழுக்கப்பட்டது.

போரின் சண்டைகளை எல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. தோற்ற பெரு 1883-இல் அன்கோன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நைட்ரேட் நிறைந்த தரபாகா மாகாணம் ஒரேயடியாகச் சிலிக்குப் போயிற்று. டக்னா, அரிகா இரண்டுக்கும் மட்டும் தனி ஏற்பாடு. பத்து வருஷம் சிலி வைத்திருக்கும். பிறகு மக்களிடம் வாக்கெடுப்பு. ஜெயித்த நாடு தோற்ற நாட்டுக்கு ஒரு கோடி பெசோ கொடுக்க வேண்டும். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! யார் வாக்களிக்கலாம், யார் நடத்துவது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். 1894 வந்தது, போனது. வாக்குப்பெட்டி வரவில்லை.

வாக்கெடுப்பு தள்ளிப்போகத் தள்ளிப்போக, வாக்காளர்களையே மாற்றிவிடலாம் என்ற எண்ணம் சிலிக்கு வந்தது. 1900-இல் பெருப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். 1910-இல் பெருப் பாதிரியார்களை வெளியேற்றினார்கள். பெருக்காரர்களின் வீட்டுக் கதவுகளில் கறுப்புச் சிலுவை தீட்டப்பட்டது. பாசாத்ரே சின்னப் பையனாகப் படித்தது இப்படி மூடச் சொன்ன பிறகும் ஒளிவுமறைவாக நடந்த ஒரு பள்ளியில். அங்கே பாடம் நடத்திய ஆசிரியர்களை நினைத்துக்கொண்டே அன்று முழுக்க அந்த ஊர்த் தெருக்களில் நடந்தேன். ஆய்வாளர் வருகிறார் என்றாலே நமக்கெல்லாம் கை நடுங்கும். இவர்கள் பிடிபட்டால் ஊரை விட்டே போக வேண்டியதுதான்.

1901 ஜூலை 28, பெருவின் சுதந்திர நாள். டக்னாவின் கைவினைஞர் சங்கம் ஒன்று தேசியக் கொடியை ஊர்வலமாகக் கொண்டுபோக அனுமதி கேட்டது. சிலி அதிகாரி அனுமதித்தார், ஒரு நிபந்தனையோடு: கோஷம் கூடாது, சத்தமே வரக் கூடாது. ஊர் மக்கள் கொடிக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நடந்தார்கள். அவ்வளவுதான் சம்பவம். இன்றும் வருஷா வருஷம் ஆகஸ்ட் 28-இல் டக்னாவில் பெண்கள் பிரம்மாண்டமான கொடியை விரித்துப் பிடித்துச் சுமந்து போகிறார்கள். நாங்கள் போனது ஒரு மாதம் கழித்து.

1925-இல் அமெரிக்கா நடுவராக வந்து, முதல் உலகப்போரில் பேர் வாங்கிய தளபதி பெர்ஷிங்கை வாக்கெடுப்பு நடத்த அனுப்பியது. பெருவின் குழுவோடு வேலை செய்ய வந்தவர்களில் இருபத்திரண்டு வயது பாசாத்ரேயும் ஒருவர். அடிதடியும் மிரட்டலும் பார்த்துப் பெர்ஷிங் ஜனவரியில் திரும்பிப் போனார். அடுத்து வந்த தளபதி லாசிட்டர், நேர்மையான வாக்கெடுப்பு இங்கே நடக்காது என்று 1926-இல் கைவிரித்தார். கடைசியில் 1929-இல் இரண்டு அரசும் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்டன. டக்னா பெருவுக்கு, அரிகா சிலிக்கு, கூடவே பெருவுக்கு 60 லட்சம் டாலர். பத்து வருஷத்தில் முடிய வேண்டிய விஷயம் 46 வருஷம் இழுத்தது. மக்களைக் கடைசிவரை யாரும் கேட்கவில்லை. இதற்குள் ஜெர்மானியர்கள் காற்றிலிருந்தே நைட்ரஜன் உரம் செய்யும் வித்தையைக் கண்டுபிடித்து, அந்தப் பாலைவன உப்பின் மவுசே குறைந்து போயிருந்தது.

அந்த எல்லையைத்தான் நாங்கள் கொலெக்டிவோ என்கிற ஷேர் டாக்ஸியில் தாண்டினோம். டக்னா பஸ் நிலையத்தில் ஐந்து பேர் சேர்ந்ததும் வண்டி கிளம்பும். டிரைவரே படிவங்களைப் பார்த்துக்கொள்கிறார். பெருவின் சாந்தா ரோசாவில் ஒரு முத்திரை, சிலியின் சாக்கயூட்டாவில் ஒரு முத்திரை. பழம் வைத்திருக்கக் கூடாது. என் பையிலிருந்த இரண்டு ஆப்பிளும் குப்பைத் தொட்டிக்குப் போயின. கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். எங்களோடு வந்த டக்னா அம்மா ஒருவர் அரிகாவில் மகளைப் பார்க்கப் போகிறார், வாரா வாரம் போவாராம். கோடு கடலைத் தொடும் இடத்தில் நான்கு ஹெக்டேர்கூட இல்லாத ஒரு மணல் முக்கோணத்துக்கு இரண்டு நாடும் இன்னும் உரிமை கொண்டாடுகின்றன. கடல் எல்லைக்கு 2014-இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்த மணல் துண்டைத் தொடவில்லை.

அரிகாவில் கடலோரம் ஒரு மொட்டைக் குன்று. பெயர் மொர்ரோ. 1880 ஜூன் 7 அன்று பெருவின் தளபதி பொலோக்னேசி, 63 வயதில், சரணடைய மறுத்து இங்கேதான் உயிர் விட்டார். மேலே இப்போது பறப்பது சிலிக் கொடி. சிலிப் பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே குன்று, எல்லைக்கு இந்தப் பக்கம் வெற்றிப் பாடம், அந்தப் பக்கம் தியாகப் பாடம். அங்கே நான் வாத்தியாராக இருந்திருந்தால் எப்படி நடத்தியிருப்பேன் என்று யோசித்தேன். சுலபமாகப் பதில் வரவில்லை.

மறுநாள் லா பாஸ் பஸ். கடல் மட்டத்தில் கிளம்பி சில மணி நேரத்தில் சுமார் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள சுங்காரா ஏரி. தலை பிளக்கிறது. பக்கத்து இருக்கைப் பொலிவிய அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை மிட்டாய் ஒன்றை நீட்டினார். எல்லையில் கண்ணுக்கெட்டிய தூரம் லாரி வரிசை, பொலிவியாவின் சரக்கு அரிகா துறைமுகத்துக்கு இறங்குகிறது. அந்தப் போரில் கடற்கரை முழுதையும் இழந்த நாடு. 1904 ஒப்பந்தப்படி சரக்கு கொண்டுபோகலாம், அவ்வளவுதான்.

1975-இல் அரிகாவுக்கு வடக்கே ஒரு நீளத் துண்டை, பதிலுக்கு நிலம் வாங்கிக்கொண்டு, பொலிவியாவுக்குத் தரச் சிலி முன்வந்தது. ஆனால் 1929 ஒப்பந்தத்தோடு சேர்ந்த ஒரு ஷரத்து, பழைய பெரு மண்ணை மூன்றாம் நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் பெருவின் சம்மதம் வேண்டும் என்கிறது. பெரு வேறு யோசனை சொன்னது, மூன்று நாடும் சேர்ந்து ஆளும் பகுதி என்று. சிலி ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சு நின்றது. 2018-இல் சர்வதேச நீதிமன்றமும், பேச்சு நடத்தியே தீர வேண்டிய கட்டாயம் சிலிக்கு இல்லை என்று 12-க்கு 3 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. பொலிவியாவுக்குக் கடற்படை மட்டும் இன்னும் இருக்கிறது, டிடிகாகா ஏரியில். மார்ச் 23-ஐக் கடல் நாளாகவும் கொண்டாடுகிறார்கள்.

லா பாஸில் மூன்று நாள் இருந்தோம். அதை இன்னொரு பதிவில் எழுதுகிறேன். பஸ் விவரம், செலவுக் கணக்கு வேண்டுகிறவர்கள் கீழே கேளுங்கள். மருமகன் எல்லா டிக்கெட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறான்.