அவசரமில்லாதவர்கள்

இடுப்பு மூட்டு தேய்ந்து போனவருக்கு உயிர் போய்விடாது. மாடிப்படி ஏற முடியாது; கடைக்குப் போக முடியாது; இரவில் புரண்டு படுக்க முடியாது. அவ்வளவுதான்! ஆஸ்பத்திரிக் கணக்கில் அவர் அவசரமில்லாதவர். இங்கிலாந்தின் வைத்திய சரித்திரத்தில் இப்படிப்பட்டவர்களின் அத்தியாயம் மிக நீளம்.

1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி அங்கே தேசிய சுகாதார சேவை பிறந்தது. ஆஸ்பத்திரியில் இடம் கேட்டுக் காத்திருந்த ஏறக்குறைய 5 லட்சம் பேரின் ஜாபிதாவும் அதனிடம் வந்து சேர்ந்தது. 1962-இல் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தி வெற்றி கண்டார். விதியே என்று கிடந்தவர்களும் வரிசைக்கு வந்தார்கள். நல்ல வைத்தியம் வந்தாலும் வரிசை நீளத்தான் செய்கிறது!

பிறகு கொரோனா வந்தது. அவசரமல்லாத ஆபரேஷன்களை ஏப்ரல் 15-க்குள் ஒத்திவைக்கும்படி, 2020 மார்ச் 17-ந் தேதி எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் கடிதம் போயிற்று. வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேடிக்கை என்னவென்றால், 45 லட்சத்துக்கு மேலிருந்த ஜாபிதா மே மாதத்தில் 40 லட்சத்துக்கும் கீழே சுருங்கிற்று. நோய் தீர்ந்துவிட்டதா? இல்லை, ஜனங்கள் டாக்டரிடம் போவதையே குறைத்துக்கொண்டார்கள். ஆனால் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தவர்களைப் பாருங்கள்: 2020 பிப்ரவரியில் சுமார் 1,600, 2021 மார்ச்சில் 4,36,000!

2022 பிப்ரவரியில் திட்டம் போட்டார்கள். இரண்டாண்டு காத்திருந்தவர்கள் முதலில். ஜூலை முடிவதற்குள் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முறை வந்துவிட்டது. திட்டத்தின் இன்னொரு பகுதி தனி ஆபரேஷன் நிலையங்கள். இதன் சூட்சுமம் எளிது. பனிக்காலத்தில் வழுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொண்டு ஒருவர் வருகிறார். படுக்கை அவருக்குத்தான். மூட்டு மாற்றக் காலையிலிருந்து பட்டினியாக இருந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். இருவருக்கும் ஒரே படுக்கை, ஒரே ஆபரேஷன் அறை என்று இருக்கும்வரை இது ஓயாது. ஆகவே மூட்டு, கண்புரை போன்றவற்றுக்குத் தனி அறை, தனிப் படுக்கை; அவசரக் கேஸ் அங்கே நுழையக் கூடாது.

இது புதுமையும் அல்ல. எப்ஸம் நகரில் 2004 முதலே மூட்டு ஆபரேஷனுக்கு இப்படி ஒரு நிலையம் உண்டு. பார்த்துக்கொண்டே பதினெட்டு வருஷம் இருந்தார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

2023 செப்டம்பரில் ஜாபிதா 77 லட்சத்தைத் தாண்டியது. கொள்ளை நோயின் தலையில் முழுப் பழியையும் போட்டுவிடலாமா? நூற்றுக்கு 92 பேருக்குப் பதினெட்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கும் என்ற வாக்குறுதி, 2016-லேயே முறிந்து போயிருந்தது.